நூற்றுக்கு எத்தனை? எந்த நூற்றுக்கு?

(சாய்ந்தமருதில் இளம் பொறியியலாளர்களும் மாணவர்களும் பெற்றோர்களும் திரண்டிருந்த கூட்டத்தில் ஆற்றப்பெற்ற உரை)



பொறியியற் பரீட்சையைப் பற்றிப் பேச ஒரு சட்டத்தரணிக்கு என்ன அருகதை என்று உங்களுள் சிலர் எண்ணக்கூடும். நியாயமான கேள்விதான். அமெரிக்க நாட்டில் பொறியியலாளருக்கு முதன்முதலாக உரிமம் வேண்டுமென்று சட்டம் இயற்றிய மாநிலம் வயோமிங், ஆண்டு 1907. அச்சட்டம் ஏன் வந்தது தெரியுமா? நீர்ப்பாசன உரிமை கோரி வந்த வரைபடங்களைப் பயிற்சியற்றவர்கள் வரைந்து, தாமே பொறியியலாளர் என்று கையொப்பமிட்டு அனுப்பிக்கொண்டிருந்தார்கள். அவ்வாறு கையொப்பமிட்டோருள் சட்டத்தரணிகளும் இருந்தார்கள்! ஆகவே நமது தொழிலாருக்கும் பொறியியல் உரிமத்துக்கும் பழைய உறவு ஒன்று உண்டு; அது பெருமைக்குரிய உறவு அன்று என்பதை ஒப்புக்கொண்டே தொடங்குகிறோம்.

நாம் இன்று பேச வந்தது வரைபடத்தைப் பற்றியன்று, எண்ணைப் பற்றி. "சித்தி வீதம்" என்று பத்திரிகையிலும் மேடையிலும் சுவரொட்டியிலும் அடிபடுகின்றதே, அந்த எண்ணைப் பற்றி. அந்த ஓர் எண்ணைப் பிழையாகப் படித்ததால் இந்நாட்டில் ஒரு தலைமுறையின் வாழ்வு திசை மாறியது. அதை இன்றும் பிழையாகவே படிப்பதால் நம் வீட்டுப் பிள்ளைகள் சிலர் முயற்சியைக் கைவிடுகிறார்கள்.

இளைஞர் ஒருவரின் கேள்வி

சில திங்களுக்கு முன் இளைஞர் ஒருவர் நம்மிடம் வந்தார். பொறியியல் பட்டம் பெற்றவர், கடல் கடந்து தொழில் செய்ய உரிமப் பரீட்சை எழுதினார், முதன்முறை சித்தியடையவில்லை. அவர் கையில் ஒரு தாள். முதன்முறை எழுதுவோரின் சித்தி வீதம் ஒரு நிரலில். மீண்டும் எழுதுவோரின் சித்தி வீதம் மறுநிரலில். இரண்டாவது எண் மிகக் குறைவு. "ஒரு முறை தவறியவனுக்கு வாய்ப்பு இவ்வளவுதான் என்று எண்ணே சொல்லுகிறதே, இனியும் பணம் கட்டி எழுதுவதில் என்ன பயன்?" என்று கேட்டார்.

தோழர்களே! அந்தத் தாள் பொய் சொல்லவில்லை. அமெரிக்காவில் பொறியியல் உரிமப் பரீட்சைகளை நடத்தும் தேசியப் பேரவை, முதன்முறை எழுதுவோர், மீண்டும் எழுதுவோர் என்று இரு கூட்டத்தாரின் வீதங்களையும் தனித்தனியே வெளியிடுகின்றது. மீண்டும் எழுதுவோரின் வீதம் தாழ்ந்தே காணப்படும். ஆனால் அந்த எண் யாரைப் பற்றிப் பேசுகின்றது என்று கேட்க வேண்டாமா?

ஓர் உதாரணம் கொள்வோம். நூறு பேர் எழுதுகிறார்கள்; எழுபது பேர் சித்தி. எஞ்சிய முப்பது பேரும் மறுமுறை எழுதுகிறார்கள், பன்னிருவர் சித்தி. முப்பதில் பன்னிரண்டு என்றால் நாற்பது வீதம். "எழுபது எங்கே, நாற்பது எங்கே!" என்று பெருமூச்சு விடுகிறோம். ஆனால் தொடக்கத்தில் நின்ற அதே நூறு பேரைத் திரும்பிப் பாருங்கள்: எண்பத்திரண்டு பேர் கையில் உரிமம் இருக்கிறது!

மறுமுறை எழுதும் கூட்டம் முதற்கூட்டத்தின் நிழல் அன்று. நன்கு ஆயத்தமானோர் முதல் முறையிலேயே அரித்தெடுக்கப்பட்ட பின் எஞ்சிய கூட்டம் அது. அதற்குள்ளும் இரு வகையினர் உளர். இரண்டு புள்ளியால் தவறியவர் ஒருவர். நூலையே திறவாமல் போனவர் மற்றொருவர். இருவருக்கும் பொதுவாக ஒரு வீதத்தைக் கூறி, அதுவே உன் தலைவிதி என்று ஒருவரிடம் சொல்வது எங்ஙனம் நீதியாகும்? "நீர் எத்தனை புள்ளியால் தவறினீர்? எந்தப் பாடத்தில் தவறினீர்? அதன் பின் என்ன படித்தீர்?" இவைதாம் கேட்கத்தக்க கேள்விகள். அவ்விளைஞரிடம் நாம் அவற்றைத்தான் கேட்டோம். ஒரு பகுதியில் மட்டுமே வலுக்குறைவு என்று அவரே கூறினார். மீண்டும் எழுத முடிவு செய்து புறப்பட்டார்.

நாம் செய்த பிழை

இதை அறிவுரையாகச் சொல்லும் நாம் பிழை செய்யாதவரா? இல்லை. மறைக்காமல் சொல்லிவிடுகிறோம்.

பல ஆண்டுகளுக்கு முன் ஒரு தொழில்நுட்பப் பரீட்சையின் பெறுபேறு வெளிவந்தது. முந்திய ஆண்டைவிட நம் பகுதியின் சித்தி வீதம் வீழ்ந்திருந்தது. நாம் மேடை ஏறினோம். "திட்டமிட்ட புறக்கணிப்பு" என்றோம். கரவொலி வானைப் பிளந்தது. கூட்டம் முடிந்து இறங்கும்போது, ஓய்வுபெற்ற கணித ஆசிரியர் ஒருவர் நம் கையைப் பற்றி, "தம்பி, பேச்சு நன்றாக இருந்தது. கணக்குத்தான் நன்றாக இல்லை" என்றார். அருகிருந்த தேநீர்க்கடையில் உட்கார்ந்து, சீனி சுற்றி வந்த தாளின் பின்புறத்தில் ஒரு கணக்கை எழுதிக் காட்டினார்.

முதலாம் ஆண்டு நூறு பேர் எழுதினார்கள் என்று வைத்துக்கொள். முதன்முறையினர் எண்பது, அவர்களுள் அறுபது பேர் சித்தி. எழுபத்தைந்து வீதம். மீண்டும் எழுதியோர் இருபது. அவர்களுள் ஆறு பேர் சித்தி. முப்பது வீதம். ஆக, நூற்றுக்கு அறுபத்தாறு.

மறு ஆண்டும் நூறு பேர். இம்முறை முதன்முறையினர் ஐம்பது. நாற்பது பேர் சித்தி. எண்பது வீதம். மீண்டும் எழுதியோர் ஐம்பது. பதினெட்டுப் பேர் சித்தி. முப்பத்தாறு வீதம். ஆக, நூற்றுக்கு ஐம்பத்தெட்டு.

பார்த்தீர்களா விந்தையை! முதன்முறையினரும் முன்னேறினார்கள், மீண்டும் எழுதியோரும் முன்னேறினார்கள், மொத்த வீதமோ அறுபத்தாறிலிருந்து ஐம்பத்தெட்டாக வீழ்ந்தது! எவரும் பின்தங்கவில்லை, எவரும் சதி செய்யவில்லை, கூட்டத்தின் சேர்க்கை மாறியது, அவ்வளவே. "தோற்றவர்கள் மனந்தளராமல் திரும்பி வந்து எழுதினாலே வீதம் குறையும், தம்பி. அதைக் கண்டு நீ அழலாமா?" என்றார் அப்பெரியவர்.

நாம் மேடையில் முழங்கியது பொய்யாக இருந்திருக்கலாம், மெய்யாகவும் இருந்திருக்கலாம். எது என்று அறியாமலே முழங்கினோம் என்பதுதான் குற்றம். நீதிமன்றத்தில் சான்றின்றி ஒரு வார்த்தை பேச அஞ்சும் நாம், மக்கள் மன்றத்தில் சான்றின்றி முழங்கினோம். அன்று முதல் வீதம் ஒன்றைக் கண்டால் அதன் பகுதியெண்ணைத் தேடுவதை வழக்கமாக்கிக்கொண்டோம்.

ஒரு தலைமுறை கொடுத்த விலை

நாம் மேடையில் செய்த பிழை ஒரு மாலைப்பொழுதோடு போயிற்று. இதே பிழையை அரசு செய்தால் என்ன ஆகும்? அதற்கு நாடறிந்த சான்று உண்டு.

1969 இல் பல்கலைக்கழகப் பொறியியற் கல்விக்குத் தெரிவானோருள் தமிழ் மாணவர் நூற்றுக்கு ஏறத்தாழ 48 பேர். மக்கள்தொகையிற் சிறு பங்கினர் இவ்வளவு இடம் பெறுவதா என்ற குரல் எழுந்தது. தமிழ் விடைத்தாள்களைத் திருத்தியோர் புள்ளிகளை வாரி வழங்கினார்கள் என்ற வதந்தியும் பரவியது. விசாரணையில் அக்குற்றச்சாட்டு மெய்ப்பிக்கப்படவில்லை. ஆயினும் 1970-71 இல் நடந்தது என்ன? பேராதனைப் பொறியியல் பீடத்துக்கு நுழைய, நானூறு புள்ளிகளுக்குச் சிங்கள மொழி மூல மாணவர் 227 பெற்றாற் போதும். தமிழ் மொழி மூல மாணவருக்கோ 250 வேண்டும் என்றாயிற்று!

1973 இல் மொழிவாரித் தரப்படுத்தல் வந்தது. அதன் உட்கருத்து என்ன? ஒவ்வொரு மொழியிலும் எத்தனை பேர் பரீட்சை எழுதுகிறார்களோ, அந்த விகிதத்திலேயே அந்தந்த மொழியினர் தெரிவாக வேண்டும் என்பது. அதாவது, எல்லா மொழியினரின் சித்தி வீதமும் ஒன்றாகவே இருத்தல் வேண்டும். வேறுபட்டால் வேறுபாடே குற்றம் என்பது. 1974 இல் மாவட்ட ஒதுக்கீடும் சேர்ந்தது. 1975 இல் பொறியியலுக்குத் தெரிவான தமிழரின் பங்கு நூற்றுக்கு ஏறத்தாழ 14. ஆறே ஆண்டுகளில் 48 எங்கே, 14 எங்கே! வாயில் அடைக்கப்பட்ட இளைஞர்களின் உள்ளத்தில் எரிந்த நெருப்பு பின்னர் நாட்டையே சூழ்ந்த கதையை நாம் சொல்ல வேண்டியதில்லை.

வேறுபாட்டுக்குக் காரணம் தேடியிருந்தால் கண்டிருக்கலாம். யாழ்ப்பாணத்தில் தலைமுறை தலைமுறையாக விஞ்ஞானம் கற்பித்த பாடசாலைகள் இருந்தன, ஆய்வுகூடங்கள் இருந்தன, ஆசிரியர் இருந்தனர். அவை இல்லாத ஊர்களுக்கு அவற்றைக் கொடுத்திருக்க வேண்டும். ஐயம் விடைத்தாளின் மீதென்றால், எழுதியவர் யாரென்று அறியாத வேறு திருத்துநரைக் கொண்டு அவற்றை மீண்டும் திருத்தியிருக்க வேண்டும். நோயை ஆராயாமல் வெப்பமானியைத் திருத்தினார்கள்!

நம் கரை எந்தக் கணக்கில்?

இங்கே நம் ஊரின் கதை வருகின்றது. அதைப் பலரும் பேசுவதில்லை. "தமிழ் மொழி மூலம்" என்ற ஒரே பெயருக்குள் யார் யார் இருந்தார்கள்? ஆய்வுகூடமுள்ள யாழ்ப்பாணப் பாடசாலை மாணவரும் இருந்தார். கல்முனைக் கரையோரத்தில் விஞ்ஞான ஆசிரியருக்காக ஆண்டுக்கணக்கில் காத்திருந்த மாணவரும் இருந்தார். 1970-71 இல் இருவருக்கும் ஒரே கோடு: 250. கடலுக்குப் போன தந்தையின் மகன், வயலுக்குப் போன தாயின் மகன், எந்தச் சலுகையையும் அனுபவிக்காதவன், அந்தச் சலுகைக்குரிய தண்டனையை மட்டும் அனுபவித்தான்! வேறுபட்ட இரு கூட்டங்களுக்கு ஒரே பெயரைச் சூட்டி ஒரே வீதத்தைக் கணக்கிட்டால், நடுவில் நசுங்குபவன் இப்படித்தான் எவர் கண்ணிலும் படாமற் போகிறான்.

மறுபக்கத்தையும் சொல்வதே நேர்மை. 1961 இல் மட்டக்களப்பிலிருந்து பிரிக்கப்பட்ட அம்பாறை மாவட்டம், மாவட்ட ஒதுக்கீட்டினாற் பயன்பெறத்தக்க பின்தங்கிய மாவட்டங்களுள் ஒன்று. இன்றும் பல்கலைக்கழக அனுமதியில் 40 வீதம் நாடளாவிய திறமைக்கும், 55 வீதம் மாவட்டங்களின் மக்கள்தொகைக்கும், 5 வீதம் கல்வியிற் பின்தங்கிய மாவட்டங்களுக்கும் ஒதுக்கப்படுகின்றன. அந்த 5 வீதப் பட்டியலில் அம்பாறையும் உண்டு. ஆகவே ஒதுக்கீடு என்றாலே அநீதி என்று நாம் சொல்ல மாட்டோம். வசதியின்மையை அளந்து அதற்கு ஈடுசெய்வது நீதி. மொழியைப் பார்த்துப் புள்ளியைக் கூட்டிக் குறைப்பது அநீதி. முன்னதற்கு ஆதாரம் வேண்டும்; பின்னதற்கு வதந்தியே போதுமாயிருந்தது.

நீதிமன்றம் கற்பித்த பாடம்

1977 இல் ஆட்சி மாறிய பின் மொழிவாரித் தரப்படுத்தல் கைவிடப்பட்டது. பின்னர் இசட் புள்ளி முறை வந்தது. மாணவர் பெற்ற புள்ளியிலிருந்து அப்பாடத்தை எழுதியோரின் இடையைக் கழித்து, நியம விலகலால் வகுப்பது அம்முறை. கடினமான பாடத்தில் 60 பெற்றவரையும் இலகுவான பாடத்தில் 60 பெற்றவரையும் ஒரே தராசில் நிறுக்கலாகாது என்பதே அதன் நோக்கம். நல்ல நோக்கம். ஆனால் எந்தக் கூட்டத்தின் இடை என்ற கேள்வி அங்கும் நிற்கின்றது!

2011 ஆம் ஆண்டின் உயர்தரப் பரீட்சையில் பழைய பாடத்திட்டத்தில் ஒரு கூட்டமும் புதிய பாடத்திட்டத்தில் மற்றொரு கூட்டமும் எழுதின. வினாத்தாள் வேறு, எழுதியோர் வேறு. இரண்டையும் ஒன்றாய்க் கலந்து இசட் புள்ளி கணக்கிட்டார்கள். மாணவர் உயர் நீதிமன்றம் சென்றனர். 2012 ஜூன் மாதத்தில் நீதிமன்றம் அக்கணக்கை ஒதுக்கித் தள்ளி, இரு கூட்டத்தாரையும் தனித்தனித் தொகுதிகளாகக் கொண்டு மீண்டும் கணக்கிடுமாறு பணித்தது.

சட்டம் பயின்ற நமக்கு அத்தீர்ப்பு பெரியதொரு பாடம். சமமானோரைச் சமமாகவும் வேறுபட்டோரை வேறுபாட்டுக்கேற்பவும் நடத்துவதே அரசியலமைப்பின் 12(1) ஆம் உறுப்புரை கூறும் சமத்துவம். புள்ளிவிவர அறிஞன் "வெவ்வேறு தொகுதிகளைக் கலவாதே" என்கிறான். சட்டமும் அதையே சொல்கின்றது. 1973 இல் இல்லாத காவல் 2012 இல் மாணவருக்குக் கிட்டியது. கணக்கைத் தட்டிக்கேட்க அவர்கள் அறிந்திருந்ததால் கிட்டியது.

இடம் வேறு, உரிமம் வேறு

இன்னொன்றையும் பிரித்தறிய வேண்டும். பல்கலைக்கழக இடம் பங்கிடப்படும் பொருள். இருக்கும் இடங்கள் இத்தனை என்று முன்னரே வரையறுக்கப்பட்டுள்ளது. உயர்தரத்தில் தகுதி பெற்றோருள் ஒரு பகுதியினருக்கே இடம் கிடைக்கின்றது. அங்கே தெரிவு வீதம் என்பது மாணவரின் அறிவை மட்டும் காட்டாது. அரசு கட்டிய விரிவுரை மண்டபங்களின் எண்ணிக்கையையும் காட்டும். அப்பங்கீட்டில் நீதி கேட்பது நம் உரிமை.

உரிமமோ அத்தகையதன்று, அது ஓர் அளவுகோல். எட்டியவர் அனைவரும் பெறலாம். எட்டாதவர் ஒருவரும் பெறலாகாது. 2017 ஆம் ஆண்டின் 4 ஆம் இலக்கச் சட்டத்தால் இந்நாட்டிற் பொறியியற் பேரவை நிறுவப்பட்டு, பட்டயப் பொறியியலாளர் முதல் தொழில்நுட்பவியலாளர் வரை பதிவு செய்யப்படுதல் வேண்டும் என்றாயிற்று. 1906 இல் தோன்றி 1968 இல் சட்டத்தால் கூட்டிணைக்கப்பட்ட இலங்கைப் பொறியியலாளர் நிறுவகம் 2014 இல் வாஷிங்டன் உடன்படிக்கையின் முழு உறுப்புரிமை பெற்றது. அது தகைமை அளித்த நம் நாட்டுப் பட்டங்களை ஏனைய உறுப்பு நாடுகளும் மதிக்க வழி பிறந்தது. இந்த மதிப்பெல்லாம் எதன் மீது நிற்கின்றது? அளவுகோல் வளையாது என்ற நம்பிக்கையின் மீது.

"எங்கள் பிள்ளைகளின் சித்தி வீதம் குறைவு, ஆகவே உரிமப் பரீட்சையின் வெட்டுப்புள்ளியைத் தாழ்த்துங்கள்" என்று எவரேனும் நம்மிடம் மனுவோடு வந்தால் கையொப்பமிட மாட்டோம். 2004 டிசம்பர் 26 இல் கடல் எழுந்து வந்ததை இந்த ஊர் கண்டது. எந்தச் சுவர் நின்றது, எந்தச் சுவர் வீழ்ந்தது என்பதைத் தம் கண்ணாற் கண்டவர் இக்கூட்டத்தில் இருக்கிறார்கள். பொறியியலாளரின் கையொப்பம் என்பது அச்சுவருக்குப் பின்னால் உறங்கும் குழந்தையின் உயிர். கோலைத் தாழ்த்தக் கேட்க மாட்டோம். கோலை எட்டுவதற்கு ஏணி கேட்போம். ஆய்வுகூடம், ஆசிரியர், ஆங்கிலப் பயிற்சி, பயிலுநர் இடம் ஆகியவையே அந்த ஏணி. 1995 இல் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி மறு ஆண்டே பல்கலைக்கழகமாக உயர்ந்த ஒலுவில் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தில் இன்று பொறியியற் பீடமும் இருக்கின்றது. நம் வாசலுக்கே ஏணி வந்துவிட்டது. ஆனால் அதன் முதற்படியாகிய கணிதமும் ஆங்கிலமும் நம் பாடசாலைகளில் உறுதியாக இருக்க வேண்டும்.

நாம் கேட்க வேண்டியவை

பெற்றோர்களே! "எமது வகுப்பில் 95 வீதம் சித்தி" என்ற சுவரொட்டியைக் கண்டால் மயங்காதீர்கள். வகுப்பிற் சேர்ந்தோர் எத்தனை பேர்? பரீட்சைக்கு அனுப்பப்பட்டோர் எத்தனை பேர்? நூறு பேரைச் சேர்த்து, எண்பது பேரை இடையில் நிறுத்தி, எஞ்சிய இருபதில் பத்தொன்பது பேர் சித்தியடைந்தாலும் 95 வீதம்தான்! கரைவலையில் ஏறிய மீனை எண்ணிக் கடலின் மீனைக் கணக்கிடும் சம்மாட்டி இவ்வூரில் இருக்கிறாரா? வலைக்கண்ணின் அளவையும் சேர்த்துத்தானே கணக்கிடுவார்!

இளைஞர்களே! எந்த வீதத்தைக் கண்டாலும் மூன்று கேள்வி கேளுங்கள். எத்தனை பேரில் எத்தனை பேர்? முதன்முறையினரா, மீண்டும் எழுதியோரா? இது இடத்துக்கான போட்டியா, தகுதிக்கான அளவுகோலா? இம்மூன்றுக்கும் விடையில்லாத வீதத்தை நம்பி மகிழவும் வேண்டாம், அழவும் வேண்டாம்.

அதிகாரிகளிடமும் நமக்குக் கோரிக்கை உண்டு. கல்முனைக் கல்வி வலயத்தின் ஒவ்வொரு பாடசாலையிலும் உயர்தரத்தில் கணிதப் பிரிவிற் சேர்ந்தோர் எத்தனை பேர். இடையில் பிரிவு மாறியோர் எத்தனை பேர். பரீட்சைக்குத் தோற்றியோர், சித்தியடைந்தோர், பொறியியற் பீடம் புகுந்தோர் எத்தனை பேர் என்பவற்றை ஆண்டுதோறும் வெளியிடட்டும். தொழில்சார் பரீட்சைகளை நடத்துவோர் முதன்முறையினரையும் மீண்டும் எழுதுவோரையும் பிரித்துக் காட்டட்டும். கொடுக்க மறுத்தால்? 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவலுக்கான உரிமைச் சட்டம் நம் கையில் இருக்கின்றது; 2017 பெப்ரவரி முதல் நடைமுறையில் உள்ளது. விண்ணப்பம் எழுதத் தெரியாதவர் நம்மிடம் வாருங்கள். கட்டணமின்றி எழுதித் தருவோம்.

அந்த எண்கள் வெளிவரும்போது நமக்கு உவப்பில்லாத உண்மையும் வெளிவரலாம். குறை அரசின் புறக்கணிப்பில் இருக்கலாம். நம் அலட்சியத்திலும் இருக்கலாம். எதுவாயினும் அதை ஏற்கும் துணிவு நமக்கு வேண்டும். அநீதி இருக்குமாயின் சரியான கணக்கோடு நீதிமன்றப் படியேறுவோம். நம்மிடம் குறை இருக்குமாயின் அதே கணக்கோடு பாடசாலைப் படியேறுவோம். வெறுங்கையோடு மேடைப்படி மட்டும் ஏறும் வழக்கத்தை, அதைச் செய்து வெட்கமுற்ற நாமே முதலிற் கைவிடுகிறோம்.

முதல் விண்ணப்பம் எழுதி ஆயத்தமாக இருக்கின்றது. இக்கூட்டம் கலையும் முன் வாசலில் உள்ள மேசையில் கையொப்பமிட்டுச் செல்லுமாறு உங்கள் அனைவரையும் கேட்டு அமைகின்றோம்.